பல பங்கேற்பாளர் வணிகச் செயல்முறைகளில் கூட்டியக்க மாதிரியாக்கம்: திருப்பூர்ப் பின்னலாடை ஆணையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே நிறுவனத்திற்குள் நடைபெறும் பணிகளை வரைபடமாக்குவதும், தனித்தனி உரிமையாளர்களைக் கொண்ட பல நிறுவனங்கள் இணைந்து முடிக்கும் பணியை வரைபடமாக்குவதும் ஒன்றல்ல. பின்னதில் முழுச் செயல்முறையையும் ஒருசேரக் காண்பவர் எவருமில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வந்த செய்தியை மட்டுமே அறிவர். இக்கட்டுரை பி.பி.எம்.என். 2.0 குறியீட்டு முறை, பெட்ரி வலைக் கோட்பாடு ஆகியவற்றின் துணைகொண்டு, திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி ஆணையின் போக்கினைச் சான்றாக வைத்து, கூட்டியக்க மாதிரியாக்கத்தின் அடிப்படைகளை விளக்குகிறது. இவ்வகை மாதிரியிடம் முதலில் எழுப்ப வேண்டிய வினா 'யார் எதைச் செய்கிறார்' என்பதன்று. 'யாருக்கு எது, எப்போது தெரியும்' என்பதே என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வணிகச் செயல்முறை, கூட்டியக்கம், பரிமாற்ற ஒழுங்கு, பெட்ரி வலை, பின்னலாடைத் தொழில், ஜாப் ஒர்க்.

1. முன்னுரை

வணிகச் செயல்முறை மாதிரியாக்கம் குறித்த பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்திலிருந்தே தொடங்குகின்றன. விண்ணப்பம் வருகிறது, எழுத்தர் சரிபார்க்கிறார், மேலாளர் ஒப்புதல் தருகிறார், கணக்குப் பிரிவு பணம் வழங்குகிறது. இங்கே துறைகள் பலவாயினும் அதிகாரம் ஒன்றே. வரைபடத்தில் ஒரு பணியை இடம் மாற்றினால், நிர்வாக உத்தரவு ஒன்றின் மூலம் நடைமுறையிலும் அதனை மாற்றிவிட இயலும்.

தனித்தனி நிறுவனங்கள் கூடிச் செய்யும் தொழிலில் இந்நிலை இல்லை. ஏற்றுமதியாளர் சாயப்பட்டறைக்கு ஆணை தரலாம். ஆயினும் பட்டறையின் உள்முறையை அவர் வகுக்க இயலாது. தையல் கூடம் ஒரே வாரத்தில் மூன்று ஏற்றுமதியாளர்களுக்குத் தைத்துக் கொடுக்கலாம். அவர்களுள் எவருக்கும் மற்ற இருவரின் ஆணை பற்றித் தெரியாது. இத்தகைய தொழிலை ஒற்றை நிறுவன மாதிரியைப்போலவே வரையும்போது, வரைபடம் ஒழுங்காகத் தோன்றும். நடைமுறையில் ஒருவர் காத்திருப்பார், மற்றொருவர் நட்டமடைவார். இவ்விடைவெளி எங்ஙனம் தோன்றுகிறது, மாதிரி நிலையிலேயே அதனைக் கண்டறிவது எவ்வாறு என்பன இக்கட்டுரையின் பொருளாகும்.

2. நெறியாள்கையும் பரிமாற்ற ஒழுங்கும்

இத்துறையில் இரு கருத்தாக்கங்கள் அடிப்படையானவை. ஒரு மையம் அனைத்துப் பணிகளையும் வரிசைப்படுத்தி இயக்குவதை ஆர்கெஸ்ட்ரேஷன் என்பர். இக்கட்டுரையில் அது 'நெறியாள்கை' எனக் குறிக்கப்படுகிறது. மையம் இன்றி, பங்கேற்பாளர்களுக்கிடையே நிகழும் செய்திப் பரிமாற்றங்களின் வரிசையை மட்டும் வரையறுப்பதைக் கோரியோகிராபி என்பர். இங்கு அது 'பரிமாற்ற ஒழுங்கு' எனப்படுகிறது. இசைக்குழுவில் நடத்துநரின் கையசைவைப் பார்த்து அனைவரும் வாசிக்கின்றனர். கும்மியிலோ ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் கைத்தாளத்தைக் கேட்டே அடியெடுத்து வைக்கின்றனர். இரண்டிலும் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கணினி வலைச் சேவைகள் பரவிய காலத்தில் இவ்விரு நோக்குகளுக்கும் தனித்தனி மொழிகள் உருவாயின. பரிமாற்ற ஒழுங்கிற்கான டபிள்யு.எஸ்-சி.டி.எல். 2005இல் டபிள்யு3சி அமைப்பின் பரிந்துரை வரைவு நிலையை எட்டியது. நெறியாள்கைக்கான டபிள்யு.எஸ்-பெல் 2.0, 2007இல் ஒயாசிஸ் அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. இவை நிரலாளர்களுக்கானவை. தொழில் நடத்துவோரும் படித்தறியக்கூடிய வரைபட மொழியாக நிலைபெற்றது பி.பி.எம்.என். ஆகும். 2004இல் முதற்பதிப்பாக வெளிவந்த இதனைப் பின்னர் ஓ.எம்.ஜி. அமைப்பு ஏற்றுப் பேணி வருகிறது. 2011இல் வெளியான 2.0 பதிப்பு, 2013இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19510 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஆயிற்று.

3. கூட்டியக்கத்தைக் காட்டும் வரைபடங்கள்

பி.பி.எம்.என். 2.0 பல பங்கேற்பாளர் செயல்முறையை மூன்று வகைகளில் வரைய இடந்தருகிறது.

முதலாவது கூட்டியக்க வரைபடம். இதில் ஒவ்வொரு பங்கேற்பாளரும் ஒரு 'களம்' ஆவர். ஒரு களத்திற்குள் பணிகளின் வரிசையைக் காட்டும் கோடு தொடர்கோடு. அது களத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. இரு களங்களுக்கிடையே செய்திக்கோடு மட்டுமே செல்லலாம். இவ்விதி வெறும் வரைமரபன்று. ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தின் பணியைத் தொடங்கி வைக்க இயலாது, செய்தி அனுப்ப மட்டுமே இயலும் என்னும் தொழில் உண்மையே அதில் விதியாக்கப்பட்டுள்ளது. உள்முறை தெரியாத பங்கேற்பாளரை வெற்றுக் களமாக வரைந்து, அதன் விளிம்பில் செய்திக்கோடுகளை மட்டும் இணைக்கலாம்.

இரண்டாவது பரிமாற்ற ஒழுங்கு வரைபடம். இதில் களங்கள் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு செய்திப் பரிமாற்றத்தைக் குறிக்கும். பெட்டியின் மேலும் கீழும் உள்ள பட்டைகளில் பங்கேற்பாளர் பெயர்கள் இடம்பெறும். தொடங்குபவரின் பட்டை வெண்மையாகவும் மற்றவருடையது நிழலிட்டும் இருக்கும்.

மூன்றாவது உரையாடல் வரைபடம். இது யார் யாரோடு எப்பொருள் குறித்துத் தொடர்பு கொள்கின்றனர் என்பதைப் பறவைப் பார்வையாகக் காட்டும், வரிசையைக் கூறாது.

4. சான்று: ஒரு பின்னலாடை ஆணை

திருப்பூரில் நூல் ஆடையாகிக் கப்பலேறும் வரையிலான பணிகள் அனைத்தையும் ஒரே வளாகத்தில் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. நிட்டிங், சாயமிடுதல், காம்பாக்டிங், தையல் முதலியவற்றைப் பிறரிடம் கூலிக்குக் கொடுத்து வாங்கும் நிறுவனங்களும் உள்ளன. 'ஜாப் ஒர்க்' எனப்படும் இப்பின்னைய முறையே நமது சான்று. விளக்கத்தின் எளிமை கருதி வாங்குநர், ஏற்றுமதியாளர், நிட்டிங் பட்டறை, சாயப்பட்டறை, தையல் கூடம் என ஐவரை மட்டும் கொள்வோம். தையல் கூடம் இவ்வூர் வழக்கில் 'பவர் டேபிள்' எனப்படும்.

ஏற்றுமதியாளரின் மேசையில் இருந்து பார்த்தால் ஆணையின் போக்கு பின்வரும் பதினொரு பரிமாற்றங்களாக அமையும்:

(1) வாங்குநர் ஏற்றுமதியாளருக்கு ஆணை தருகிறார்.
(2) ஏற்றுமதியாளர் நிட்டிங் பட்டறைக்கு நூலும் துணியின் ஜி.எஸ்.எம். குறிப்பும் அனுப்புகிறார்.
(3) தையல் கூடத்திடம் குறிப்பிட்ட வாரத்திற்கு இயந்திரங்களை ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்.
(4) சாயப்பட்டறைக்கு நிறக் குறிப்பு அனுப்புகிறார்.
(5) சாயப்பட்டறை 'லேப் டிப்' எனப்படும் நிற மாதிரியைத் தருகிறது.
(6) ஏற்றுமதியாளர் அதனை வாங்குநருக்கு அனுப்புகிறார்.
(7) வாங்குநர் ஒப்புகிறார் அல்லது மறுக்கிறார்.
(8) நிட்டிங் பட்டறை துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறது.
(9) சாயமிட்ட துணி ஏற்றுமதியாளரிடம் வருகிறது.
(10) வெட்டிய துண்டுகள் தையல் கூடத்திற்குச் செல்கின்றன.
(11) தைத்த ஆடைகள் திரும்புகின்றன.

பட்டியல் முறையாகவே தோன்றுகிறது. எனினும் இதில் குறைகள் பொதிந்துள்ளன.

5. வரைபடத்தில் ஒழுங்கு, நடைமுறையில் பிழை

5.1 அறியாத வரிசை

நிறத்திற்கு ஒப்புதல் கிடைத்த பின்னரே துணி சாயப்பட்டறைக்குச் செல்ல வேண்டும் என்பது பட்டியலின் கருத்து. எனவேதான் ஏழாம் பரிமாற்றத்திற்குப் பின் எட்டாவது வருகிறது. ஆனால் ஏழாவது வாங்குநருக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையே நடப்பது. எட்டாவதைத் தொடங்க வேண்டிய நிட்டிங் பட்டறை அதில் இல்லை. ஒப்புதல் வந்ததா என்பதே அதற்குத் தெரியாது. துணி முடிந்தவுடன் அனுப்பிவிடும், அல்லது யாரேனும் சொல்லட்டும் என்று காத்திருக்கும். இரண்டுமே பட்டியல் விரும்பிய வரிசையன்று.

பரிமாற்ற ஒழுங்கு வரைபடத்திற்கு பி.பி.எம்.என். வகுத்துள்ள விதி இக்குறையை உடனே காட்டிவிடும். ஒரு பரிமாற்றத்தைத் தொடங்குபவர் அதற்கு முந்தைய பரிமாற்றத்தில் அனுப்புநராகவோ பெறுநராகவோ பங்கேற்றிருக்க வேண்டும் என்பதே அவ்விதி. மேற்கண்ட பதினொன்றில் எட்டாவது மட்டுமே இதனை மீறுகிறது. ஏழாவதை அடுத்து, ஏற்றுமதியாளர் சாயப்பட்டறைக்கு ஒப்புதலைத் தெரிவிக்கும் பரிமாற்றம் ஒன்றும், நிட்டிங் பட்டறைக்குத் 'துணியை அனுப்பலாம்' எனத் தெரிவிக்கும் பரிமாற்றம் ஒன்றும் சேர்ந்தால் குறை நீங்கும். இவ்விரண்டும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பு அளவிலான பணிகளே. இவ்வளவு சிறியவையாக இருப்பதாலேயே அவை வரைபடத்தில் விடுபட்டுப் போகின்றன.

5.2 அறியாத தேர்வு

வாங்குநர் நிறத்தை மறுத்து, ஆணையையே விலக்கிக்கொள்வதாகக் கொள்வோம். அம்முடிவை ஏற்றுமதியாளர் அறிவார். அவரளவில் செயல்முறை முடிந்துவிட்டது. தையல் கூடமோ மூன்றாம் பரிமாற்றத்தின்படி இயந்திரங்களை ஒதுக்கி, ஆட்களை வரச்சொல்லி, பத்தாம் பரிமாற்றத்திற்காகக் காத்திருக்கிறது. அது வரப்போவதில்லை.

இந்நிலையைத் துல்லியமாக ஆராய உதவுவது பெட்ரி வலை. கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வேர்கொண்ட இம்முறையில், நிலைகள் வட்டங்களாகவும் நிகழ்வுகள் கட்டங்களாகவும் வரையப்படும். செயல்முறை எந்நிலையில் உள்ளது என்பதை வட்டங்களில் வைக்கப்படும் வில்லைகள் காட்டும். வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களில் இதனைப் பணிப்போக்குகளுக்குப் பொருத்தி, செம்மை என்னும் பண்பை வரையறுத்தார். எந்நிலையை எட்டினாலும் அங்கிருந்து முடிவை அடைய வழி இருத்தல், முடிவை அடையும்போது வேறெங்கும் வில்லை எஞ்சாதிருத்தல், ஒருபோதும் நிகழவே முடியாத பணி இல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நம் சான்றில் ஆணை விலக்கப்பட்டபின் தையல் கூடத்தின் 'காத்திருப்பு' வட்டத்தில் ஒரு வில்லை எஞ்சி நிற்கிறது. கோட்பாட்டில் அது செம்மையின்மை. கூடத்தில் அது வேலையின்றி அமர்ந்திருக்கும் தொழிலாளியின் நாட்கூலி.

தீர்வு எளிது. ஒருவர் செய்யும் தேர்வு எவரெவரின் அடுத்த செயலை மாற்றுகிறதோ அவர்கள் அனைவருக்கும், தேர்வின் ஒவ்வொரு கிளையிலும், ஒரு செய்தி சென்றாக வேண்டும். 'நடக்கும்' என்பதற்கு மட்டுமன்றி 'நடக்காது' என்பதற்கும் செய்தி வேண்டும்.

5.3 குறுக்கிடும் செய்திகள்

ஒப்புதலுக்குப் பின் வாங்குநர் அளவைக் குறைக்கிறார் என்க. ஏற்றுமதியாளர் 'நிறுத்துக' என்று சாயப்பட்டறைக்குச் செய்தி அனுப்புகிறார். அதே வேளையில் பட்டறை, துணியை இயந்திரத்தில் ஏற்றிச் சாயமிடத் தொடங்கிவிடுகிறது. செய்தியை அனுப்பியவர் தாம் உரிய நேரத்தில் நிறுத்தியதாகக் கருதுகிறார்; பெற்றவர் செய்தி காலங்கடந்து வந்ததாகக் கருதுகிறார். இருவர் கூறுவதும் அவரவர் அறிவின்படி உண்மையே. எது முந்தியது என்பதைத் தீர்மானிக்கும் பொதுக் கடிகாரம் அவர்களிடம் இல்லை.

ஒரே நேரத்தில் இருவரும் முன்னெடுக்கக்கூடிய நிலை இருப்பதே இதற்குக் காரணம். அந்நிலையில் முன்னெடுக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் அளிப்பது ஒரு தீர்வு: பட்டறை 'ஏற்றப்போகிறோம்' என அறிவித்து, ஏற்றுமதியாளரின் மறுமொழி பெற்ற பின்னரே ஏற்ற வேண்டும். இதனால் ஒரு சுற்று நேரம் கூடுதலாகும். மற்றொன்று, மீளா நிலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது: துணி இயந்திரத்தில் ஏறியபின் வரும் நிறுத்தச் செய்திக்கான செலவு அனுப்பியவரையே சாரும். முதலாவது காலத்தையும் இரண்டாவது பணத்தையும் விலையாகக் கேட்கின்றன. எதனைத் தேர்வது என்பதை மாதிரி சொல்லாது. தேர்ந்தே ஆக வேண்டும் என்பதை அது சொல்லும்.

6. மௌனத்தின் பொருள்

இதுவரை அனுப்பப்பட்ட செய்திகளைக் கண்டோம். கூட்டியக்கத்தில் அனுப்பப்படாத செய்தியும் ஆராயத்தக்கது. மறுமொழி வரவில்லையெனில் அது இசைவா, மறுப்பா, தாமதமா? மாதிரி இதற்கு விடையளிக்காவிடின் காத்திருப்பவர் தாமே ஊகிக்க நேரும். பி.பி.எம்.என். இதற்குக் காலநிகழ்வுக் குறியைத் தருகிறது. குறிப்பிட்ட காலம் கடந்தால் செயல்முறை மாற்றுவழியில் செல்லும்.

மௌனத்திற்குப் பொருள் கற்பிக்க வேண்டும் என்பதைச் சட்டமும் வணிக மரபும் முன்பே உணர்ந்துள்ளன. நம் சான்றோடு தொடர்புடைய மூன்றினைக் குறிப்பிடலாம்.

முதலாவது, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பொருளோ பணியோ ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிடில், ஒப்படைத்த நாளிலேயே அவர் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தருவதற்கென ஒப்பந்தத்தில் குறிக்கும் காலம், ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களை விஞ்சக் கூடாது. இங்கே மௌனம் இசைவு ஆகிறது.

இரண்டாவது, 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவு. ஜாப் ஒர்க்கிற்காக அனுப்பப்பட்ட உள்ளீட்டுப் பொருள்கள் ஓராண்டிற்குள் திரும்பாமலும், பணி செய்பவரின் இடத்திலிருந்தே உரியவாறு விற்பனைக்கோ ஏற்றுமதிக்கோ செல்லாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே அவை அவருக்கு வழங்கப்பட்டதாகக் கருதப்படும். இங்கே திரும்பாமை விற்பனைக்கு நிகராகிறது.

மூன்றாவது, வங்கிக் கடன் உறுதிக் கடிதங்களுக்கு வழங்கும் யு.சி.பி. 600 விதித்தொகுப்பு. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இதன்படி, ஆவணங்களைப் பெற்ற நாளை அடுத்து அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாட்களுக்குள் வங்கி அவற்றை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். மறுப்பதாயின் அதற்குள் முறையான அறிவிப்பு தர வேண்டும். தவறினால் ஆவணங்கள் பொருந்தவில்லை என்று பின்னர் வாதிடும் உரிமையை வங்கி இழக்கும். வங்கிகள் ஆவணங்களைக் கையாள்கின்றனவே அன்றிச் சரக்கையன்று என்றும் இத்தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. ஒரு பங்கேற்பாளரின் அறிவு தமக்கு வந்த செய்தியளவே என்னும் மாதிரியாக்கக் கொள்கை, இங்கு வணிக விதியாகவே அமைந்திருப்பதைக் காணலாம்.

இம்மூன்றும் காட்டுவது ஒன்றே. காலமும், அது கடந்தால் விளையும் பொருளும், அதனால் யார் பொறுப்பேற்பார் என்பதும் சேர்ந்தே காலநிகழ்வு முழுமை பெறுகிறது. காலத்தை மட்டும் குறித்து விளைவைக் குறிக்காத மாதிரி குறையுடையது.

7. பொதுவும் தனியும்

பங்கேற்பாளர்கள் தம் உள்முறை அனைத்தையும் வெளியிட வேண்டுமா என்னும் வினா இங்கே எழும். வேண்டியதில்லை. சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியேற்றா நிலை இத்தொழிலுக்கு இன்றியமையாத நிபந்தனையாயிற்று. ஒரு பட்டறை ஒரு நாளில் எவ்வளவு துணிக்குச் சாயமிட இயலும் என்பது அதன் இயந்திரத்தை மட்டுமன்றி, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கொள்ளளவையும் பொறுத்தது. அக்கணக்கை ஏற்றுமதியாளர் அறிய வேண்டியதில்லை. 'இந்த லாட் இன்ன நாளில் ஏறும்' என்னும் செய்தியும், அது மாறினால் மாற்றத்தை அறிவிக்கும் செய்தியும் கிடைத்தாலே போதும்.

வான் டெர் ஆல்ஸ்ட்டும் மத்தியாஸ் வெஸ்கேயும் 2001இல் முன்வைத்த 'பொதுவிலிருந்து தனிக்கு' என்னும் அணுகுமுறை இதனையே முறைப்படுத்துகிறது. பங்கேற்பாளர்கள் முதலில் பொதுச் செயல்முறையை ஒப்புக்கொள்கின்றனர். அதில் தத்தம் பகுதியைப் பெறுகின்றனர். பின்னர் அப்பகுதியைத் தம் விருப்பப்படி உள்ளே விரிவாக்குகின்றனர். வெளியில் தெரியும் நடத்தை ஒப்புக்கொண்டவாறே இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. தொழில் மறையும் காக்கப்படுகிறது, கூட்டொழுங்கும் சிதைவதில்லை.

பொதுச் செயல்முறையில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். ஒரே பட்டறைக்குப் பலரின் ஆணைகள் வரும்போது, வந்த செய்தி எந்த ஆணைக்குரியது என்று அறியும் அடையாளம் தேவை. திருப்பூரில் டெலிவரி சலான் எண்ணும் லாட் எண்ணும் இப்பணியைச் செய்கின்றன. ஒரு ஜாப் ஒர்க் பட்டறையிலிருந்து மற்றொன்றிற்குத் துணி நேரே செல்லும்போது, சலானை உரிமையாளரோ அனுப்பும் பட்டறையோ வழங்கலாம் என வரிவிதிகள் இடமளிக்கின்றன. பட்டறையே வழங்கும்போது துணி நகர்ந்த செய்தி ஏற்றுமதியாளருக்குத் தானாக எட்டுவதில்லை; அதனையும் ஒரு பரிமாற்றமாக மாதிரியில் சேர்த்தாக வேண்டும்.

8. மாதிரியின் எல்லைகள்

மாதிரி அனைத்தையும் தீர்த்துவிடாது. தொலைபேசியில் சொல்லப்படும் செய்திக்குச் சான்று எஞ்சுவதில்லை. அனுப்பியதாக ஒருவரும் வரவில்லை என மற்றவரும் கூறும் சூழலை வரைபடம் தடுக்க இயலாது. மேலும், மாதிரியை வரையும் வாய்ப்பு பெரும்பாலும் ஆணையிடும் நிலையில் உள்ளவருக்கே கிடைக்கிறது. அவர் தமக்கு வேண்டிய செய்திகளைத் தவறாது குறிப்பார். தாம் பிறருக்குத் தர வேண்டிய செய்திகள் விடுபடுவதை உணராதிருக்கலாம். நான்காம் பகுதியின் பட்டியல் ஏற்றுமதியாளரின் மேசையிலிருந்து வரையப்பட்டது. 5.1, 5.2 ஆகிய பகுதிகளில் கண்ட இரு விடுபாடுகளும் அவர் பிறருக்கு அனுப்ப வேண்டிய செய்திகளே என்பது இங்கு எண்ணத்தக்கது.

9. முடிவுரை

பல பங்கேற்பாளர் செயல்முறையின் மாதிரியை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தொடங்குபவர், தொடங்குவதற்குரிய நேரம் வந்ததை எவ்வாறு அறிகிறார்? ஒவ்வொரு தேர்வும் அதனால் பாதிக்கப்படும் அனைவரையும் எல்லாக் கிளைகளிலும் சென்றடைகிறதா? மறுமொழி வராதபோது அதன் பொருளும் பொறுப்பும் வரையறுக்கப்பட்டுள்ளனவா? இவ்வினாக்களை ஏற்றுமதியாளரின் இடத்திலிருந்து மட்டுமன்றி, நிட்டிங் பட்டறை, சாயப்பட்டறை, தையல் கூடம் ஆகியவற்றின் இடத்திலிருந்தும் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். அங்ஙனம் எழுப்பும்போது, காத்திருப்பின் செலவு எவர் தலையில் விழுகிறது என்பதும் வரைபடத்திலேயே புலப்படும். கூட்டியக்க மாதிரியாக்கம் கணினிப் பொறியியலின் ஒரு கூறாக மட்டுமன்றி, சிறுதொழில் உறவுகளை ஆராயும் கருவியாகவும் பயன்படத்தக்கது என்பதே இக்கட்டுரையின் துணிபு.